நாகராசு வீட்டில் நாலு மூட்டை ஆட்டுமயிர்

நார்த்தாமலைப் பக்கம் அறுபது கறுப்பு ஆடுகள் வைத்திருக்கும் நாகராசு, அரசாங்கத்திடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஆட்டுமயிருக்கு நியாய விலை. ஏழு வருடம் மனுக் கொடுத்தார். எட்டாம் வருடம் கிடைத்துத் தொலைத்தது.

அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை. மாசியில் இலுப்பூரிலிருந்து குணசேகரன் கத்தரிக்கோலோடு வருவார். ஆடுகளைக் கண்மாயில் குளிப்பாட்டி, ரெண்டு நாளில் மயிர் வெட்டி முடிப்பார். கூலி கிடையாது. வெட்டிய மயிரே கூலி; கம்பளி நெய்பவர்களிடம் விற்றுக்கொள்வார். வெயில் ஏறுவதற்குள் ஆடுகளுக்குப் பாரம் குறைந்துவிடும்.

அறிவிப்பு வந்தது. கிலோ அறுபது ரூபாய். அதற்குக் கீழே விற்றாலும் வாங்கினாலும் குற்றம். நாகராசு அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்து, குணசேகரனிடம் காட்டினார்.

“இந்த வருசம் மயிரு எனக்குப்பா. ஒனக்கு ரொக்கமாக் கூலி தாரேன்.”

“பெரிய ஆளாயிட்டீங்க,” என்றார் குணசேகரன்.

ஒரு கிடாக்குட்டியை விற்றுக் கூலி கொடுத்தார். மயிர் நாலு மூட்டை தேறியது. இருபதுக்கு மேல் யாரும் கேட்கவில்லை. மனுக் கொடுத்த அலுவலகத்தில் விசாரித்தார். விலை போடுவதுதான் தங்கள் வேலை, வாங்குவது இல்லை என்று மரியாதையாகச் சொன்னார்கள். நாற்காலி போட்டுச் சொன்னார்கள். அதையும் மறைக்கக் கூடாது.

மறு மாசியில் குணசேகரன் வரவில்லை. பங்குனியில் ஆடுகள் மேயாமல் மூச்சிரைத்து நின்றன. சினையாடு ஒன்று சுருண்டு விழுந்து செத்ததும், நாகராசு இலுப்பூருக்கு பஸ் ஏறினார். குணசேகரன் ஹாலோ பிளாக் கம்பெனியில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார்.

“பழையபடி மயிர நீயே எடுத்துக்கப்பா. மூட்டை நாலையும் சேத்து.”

“எடுத்து? அறுபதுக்கு வாங்க ஆளில்ல. கொறச்சு வித்தா எம்மேல கேசு. நீங்க வாங்கித் தந்த சட்டந்தானங்க.”

நாகராசு திரும்பி வந்து, மனைவி பொற்கொடியின் தையல் கத்தரிக்கோலால் தானே வெட்டினார். ஆட்டுக்கு ரெண்டு இடத்தில் தோலும் சேர்ந்து வந்தது. பொற்கொடி காயத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை நாகராசு மறுபடி மனுவோடு அலுவலகம் போனார். விலையை எடுத்துவிடச் சொல்லி. குமாஸ்தா படித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இந்த வெலயக் கேட்டு ஏழு வருசம் ஒருத்தர் நடையா நடந்தாருங்களே. அவரு சம்மதிப்பாரா?”

“நாந்தாங்க அது,” என்றார் நாகராசு.