வத்திப்பெட்டிச் சீர்

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. உத்திரமேரூர் ஏரிப் பாய்ச்சலில் நிலம், கொல்லையில் உழவு மாடுகள், கூடத்தை அடைத்துக்கொண்டு குதிர். ஆனால் வத்திப்பெட்டி மட்டும் என் மாமியாரின் மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. சாவி அவர் இடுப்பில். குச்சி கிழிப்பது சாமி விளக்குக்கு மட்டும்தான், அதுவும் அவர் கையால். அடுப்புக்கு ஒரு குச்சி கேட்டால், வீட்டையே கொளுத்தக் கேட்டவளைப் போல என்னைப் பார்ப்பார்.

மற்ற சிக்கனம் எதுவும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. பாத்திரத்துக்குச் சாம்பல், துணிக்கு உவர்மண், தலைக்குத் தேய்த்த சீயக்காய்ச் சக்கையைக் காயவைத்து இன்னொரு தடவை. சரி, செய்துவிட்டுப் போகிறேன். கை வலிக்கும், அவ்வளவுதானே. நெருப்பு விஷயம்தான் என் மானத்தை வாங்கியது.

சமையல் முடிந்ததும் ஒரு தணலைச் சாம்பலில் புதைத்து, மேலே உமியைத் தூவி மூட வேண்டும். காலையில் கிளறி ஊதினால் பிடித்துக்கொள்ளும். அந்த ஊர்ப் பெண்களுக்கெல்லாம் அது கைவந்த கலை. எனக்கு வரவில்லை. உமியை அதிகம் போட்டால் புகைந்து அவிந்துவிடும், குறைத்துப் போட்டால் எரிந்து தீர்ந்துவிடும். என் நைனாவுக்கு வாலாஜாபாத்தில் வீட்டு முன்கட்டிலேயே மளிகைக்கடை. பிறந்த வீட்டில் கைக்கெட்டும் மாடத்தில் வத்திப்பெட்டி இருக்கும். நெருப்பைக் காப்பாற்றி வைக்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாது.

"கடைக்காரன் பொண்ணுக்குக் கிழிச்சிப் போடத்தான் தெரியும்" என்பார் மாமியார். "போ, பக்கத்து வூட்ல போயி வாங்கினு வா."

நெருப்பு அவிந்தால், ஒரு வறட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய் அதன் முனையைப் பற்றவைத்துக்கொண்டு வர வேண்டும். ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மற்றவர்கள் எப்போதோ ஒருநாள் போவார்கள். நான் வறட்டியும் கையுமாகவே தெருவில் அலைந்தேன். "வந்துட்டாடி பெரிய வூட்டு மருமவ" என்று உள்ளே கிசுகிசுப்பது காதில் விழும். காது கேட்காதவள் மாதிரி நிற்பேன்.

ஒரு நாள் நடவு. மாமியார் விடியும்போதே கழனிக்குப் போய்விட்டார், சாவியோடு. ஆட்களுக்கு நாஷ்டா ஆக்கி அனுப்ப வேண்டியது நான். அடுப்பைக் கிளறினால் வெறும் சாம்பல். போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை எங்கள் பக்கம் யாரும் நெருப்பு கொடுக்க மாட்டார்கள். தெரிந்துதான் போனேன், வேறு என்ன செய்ய? கடையில் வாங்கலாமென்றால் கையில் ஒரு காசு கிடையாது.

"வெள்ளிக்கெயமையும் அதுவுமா நெருப்பு குடுத்தா வூட்ல லட்சுமி தங்குமா? நீயே சொல்லு, நீ குடுப்பியா?" என்றாள் அடுத்த வீட்டுக்காரி. எதிர்வீட்டில் கதவையே முழுதாகத் திறக்கவில்லை. கோடி வீட்டு வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"இன்னாம்மா இது, கையில வறட்டி?"

நைனா! முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். தோளில் துண்டு, கையில் மல்லிகைப் பொட்டலம்.

"சும்மாதான் நைனா."

"வறட்டிய வச்சிக்கினு தெருவுல சும்மா நிப்பாங்களா?"

கோடி வீட்டுக்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? "நெருப்பு கேட்டுக்கினு வந்துகீது உங்க பொண்ணு. வெள்ளிக்கெயமைன்னு சொன்னாலும் போவ மாட்டேன்னுது" என்றாள்.

பெரிய இடத்தில் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன் என்று வாலாஜாபாத் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனுஷர் அவர். அப்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவில்லை. பூப்பொட்டலத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போய் ஒரு வத்திப்பெட்டி வாங்கி வந்தார். எங்கள் அடுப்பின் முன் குந்தி, தானே பற்றவைத்து ஊதினார். புகையைப் பார்த்துக்கொண்டே கழனியிலிருந்து வந்த மாமியார், "அட, நெருப்பு கெடச்சிதா?" என்றார் சந்தோஷமாக.

"கெடச்சிதுங்க" என்றார் நைனா. சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். அவர் வாங்கிய பெட்டி அன்றைக்கே மரப்பெட்டிக்குள் போய்விட்டது.

சில நாளில் பஸ்காரர் மூலம் ஒரு பெரிய பொட்டலம் வந்தது. பிரித்தால் கட்டுக் கட்டாக வத்திப்பெட்டி. அப்பாடா, விடிந்தது என்று நினைத்தேன். என் மாமியாரின் மூளை எனக்கு ஏது? பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர், தெருவில் வீட்டுக்கு ஒரு பெட்டியாகக் கொடுத்துவிட்டு வந்தார்.

"எங்க சம்பந்தி அனுப்பிச்சாரு. இனிமே எம் மருமவ வந்தா நாள் கெயம பாக்காம நெருப்பு குடுங்கோ."

மிச்சத்தைப் பூட்டி வைத்தார். ஒரு பெட்டிக்கு ஆயுசு முழுக்க நெருப்பு! இப்படியும் ஒரு சிக்கனம் உண்டா? ஊருக்குச் சிரிக்க வேறென்ன வேண்டும்? பொண்ணுக்கு வத்திப்பெட்டி சீர் செய்த மகராசன் என்று நைனாவுக்குப் பேர் விழுந்தது. தீபாவளிச் சீரோடு அவர் வந்தபோது, "இந்த வாட்டி பெட்டி கொண்டாரலியா சம்பந்தி?" என்று ஒருவர் கேட்க, தெருவே சிரித்தது. அவரும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கச் சகிக்காமல் நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன். என்னால்தானே அவருக்கு இந்தத் தலைகுனிவு. புருஷனிடம் சொன்னேன். "அம்மா பேச்சுக்கு நான் இன்னா சொல்றது" என்று அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

தலைப்பிரசவத்துக்கு வாலாஜாபாத் போனேன். வந்த மறுநாள் காலை அம்மா தண்ணீருக்குப் போயிருந்தாள். அடுப்பு ஆறிக் கிடந்தது. வத்திப்பெட்டி மாடத்தில் என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்திருக்க வேண்டும். நான் பார்க்கவே இல்லை. கை தானாக வறட்டியை எடுத்தது, கால் தானாகத் தெருவைத் தாண்டியது.

"அக்கா, நெருப்பு இருந்தா குடுங்க."

எதிர்வீட்டு அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! கடை நெறைய வத்திப்பெட்டிய அடுக்கி வச்சிக்கினு எங்கூட்ல வந்து நெருப்பு கேக்கற? ஏன்டி, உங்க நைனா உனக்கு ஒரு பெட்டி குடுக்க மாட்டாரா?"

அப்போதுதான் நான் நிற்கிற இடம் எனக்கு உறைத்தது. எங்கள் கடை வாசலில் சாமான் வாங்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஊரில் தொலைந்தது போதாதென்று, நைனாவின் மானத்தை அவர் கடை வாசலிலேயே கொண்டுவந்து கொட்டிவிட்டேன். வயிற்றுப்பிள்ளையோடு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

நைனா பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசைக் கீழே வைத்துவிட்டு இறங்கி வந்தார். என் கையிலிருந்த வறட்டியை மெல்ல வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் கடையில் வத்திப்பெட்டிக் கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன.

"கடையில வத்திப்பெட்டி தீந்துபோச்சும்மா" என்றார் அந்த அக்காவிடம். "நான்தான் பொண்ண அனுப்பிச்சேன். நெருப்பு இருந்தா கொஞ்சம் குடு."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா உள்ளே போய் வறட்டியைப் பற்றவைத்து அவர் கையில் கொடுத்தாள்.