நான் சாம்பார் சொல்லிக்கொடுத்த கதை

வால்தம்ஸ்டோ, 1989 நவம்பர். ஞாயிறு மதியம்.

அலுவலகப் பயிற்சிக்காகத் திருச்சியிலிருந்து லண்டன் வந்து பத்து நாளாகிறது. ரொட்டி தின்று நாக்கு செத்துப்போன என்னை, முருகன் கோயிலில் பழக்கமான சிவம் தன் அறைக்குச் சாப்பிட அழைத்து வந்திருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை. சோறு, மீன் குழம்பு, தேங்காய்ப்பாலில் வெந்தயம் போட்ட சொதி. எல்லாம் அவரே சமைத்தது.

மூன்றாவது முறை சோறு வாங்கிக்கொண்டு நான் சொல்கிறேன்: "சொதி கொஞ்சம் தண்ணியா இருக்கு. எங்க வீட்டு சாம்பாரை நீங்க சாப்பிட்டுப் பாக்கணும்."

சிவம் முகம் சுளிக்கவில்லை. கை கழுவிவிட்டுப் பேனாவும் ஒரு பழைய கவரும் எடுத்து வருகிறார்.

"சொல்லுங்கோ அண்ணை, எழுதுறன். நானும் இங்க வந்தாப் பிறகுதான் சமைக்கப் பழகினனான்."

எனக்கு அடுப்புப் பற்றவைக்க மட்டும்தான் தெரியும். இருந்தும் சொல்கிறேன். புளி கரைக்கணும். முருங்கைக்காய், வெங்காயம், சாம்பார் பொடி, பெருங்காயம், கடைசியில் கொத்தமல்லி. குரலில் தயக்கமே இல்லை.

எழுதியதை அவர் ஒருமுறை வாசித்துப் பார்க்கிறார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்கிறார்:

"பருப்பு போடுறேல்லையோ, அண்ணை?"

கழுவாத என் கையில் சொதி காய்கிறது.

கவரை மடித்து என் பக்கம் தள்ளுகிறார். "ஊருக்குப் போன் எடுக்கேக்க வீட்டில அக்காவை ஒருக்காக் கேளுங்கோ."

என் மனைவியிடம் இதுவரை அதைக் கேட்டதில்லை. உப்புக் குறைச்சல் என்று சொல்லத்தான் இருபத்திரண்டு வருடமாக வாயைத் திறந்திருக்கிறேன்.