டிக்கெட் கவுன்டரில் ஒரு டைபிரேக்

அன்று எங்கள் தீவில், ஃபீனிக்ஸ் பே கப்பல் டிக்கெட் கவுன்டரில் நான் பார்த்த வேலைக்கு என்னை வீட்டுக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஒரு கண் கம்ப்யூட்டரில், இன்னொரு கண் மடியிலிருந்த போனில். மாயாபந்தர் போக டிக்கெட் கேட்ட மளிகைக்கடைக்காரருக்கு ஹேவ்லாக் டிக்கெட்டை அடித்து நீட்டினேன். அவர் கத்தினார். நானும் பதிலுக்கு முறைத்தேன். தப்பு என்னுடையது என்றால் முறைக்கக் கூடாதா என்ன!

காரணம் என் தம்பி. மும்பைப் பக்கம் ஒரு டென்னிஸ் போட்டியில் இரட்டையர் முதல் சுற்று ஆடிக்கொண்டிருந்தான். டிவியில் வருகிற டென்னிஸ் என்று நினைத்துவிடாதீர்கள். இது தொழில்முறை ஆட்டத்தின் கடைசிப் படி. பார்க்க வருகிறவர்களைவிடப் பந்துகள் அதிகமாக இருக்கும். ஒற்றையர் தகுதிச் சுற்றிலேயே மண்ணைக் கவ்விவிட்டு, சாப்பாட்டு வரிசையில் முன்னால் நின்ற கோயம்புத்தூர்ப் பையனிடம், "மச்சி, டபுள்ஸ் ஆடுறியா?" என்று கேட்டிருக்கிறான். அவனும் தட்டை ஏந்தியபடியே சரி என்றிருக்கிறான். ஜோடி சேர்ந்த லட்சணம் இது.

தம்பி எந்தப் போட்டியிலும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை. தாண்டினால்தான் உலகத் தரவரிசையில் அவன் பெயர் வரும். வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. அவன் கிளம்பும்போது கறாராகச் சொல்லிவிட்டேன். "இந்தத் தடவையும் தோத்துட்டா பேசாம வந்து ஷிப்பிங் ஆபீஸ் வேலைல சேரு. எங்க ஆபீஸ் சார்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்." உடனே "சரிக்கா" என்றான். சண்டை போடுவான் என்று தயாராக இருந்த எனக்கு அது சுருக்கென்றது.

முதல் செட் போய்விட்டது. போனில் ஆட்டம் தெரியாது, எண்கள் மட்டும் மாறும். நான் எண்களை முணுமுணுத்து உச்சுக்கொட்டுவதைக் கேட்டுப் பக்கத்து கவுன்டர் வங்காளி அண்ணன், எங்கள் எல்லோருக்கும் தாதா, எட்டிப் பார்த்தார். "க்யா ஹுவா தீதி? பாய் ஹார் கயா?" தம்பி தோற்றுவிட்டானா என்று கேட்கிறார்!

"நஹீ தாதா! அபி பாக்கி ஹை!" இன்னும் பாக்கி இருக்கிறது என்று சீறினேன்.

மாயாபந்தர் கடைக்காரர் சரியான டிக்கெட் கிடைத்த பிறகும் நகரவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "பதினஞ்சு, முப்பது, நாப்பதுங்கிறீங்க. முப்பதுக்கு அப்புறம் நாப்பத்தஞ்சுதானம்மா வரணும்? அஞ்சு எங்க போச்சு?" என்றார்.

"அண்ணே, எனக்கும் தெரியாது. நம்ம பையனுக்கு அதிகமா வந்தா சரி."

இரண்டாவது செட்டை நம்ம பையன்கள் ஜெயித்தார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கப்பல் தாமதம் என்று மட்டுமே சொல்லிப் பழகிய கவுன்டர் மைக்கை இழுத்து, "ஒன் செட் ஆல்!" என்று அறிவித்துவிட்டேன். அது எந்தக் கப்பல் என்று இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். கடைக்காரர் அவர்களுக்கு விளக்கினார். என்ன விளக்கினாரோ, ஹாலே கைதட்டியது.

இரட்டையரில் மூன்றாவது செட் கிடையாது, டைபிரேக்தான். யார் முதலில் பத்துப் புள்ளி எடுக்கிறார்களோ அவர்களுக்கு ஆட்டம். ஒவ்வொரு புள்ளியையும் மைக்கில் சொன்னேன். மூன்றுக்கு ஏழு என்று பின்தங்கியபோது நெட் போனது. நம் தீவு நெட் எப்போது போக வேண்டும் என்று நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறது. போனில் வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நிமிர்ந்து வெளியே பார்த்தேன். படகுத்துறையில் விளக்குப் போட்டிருந்தார்கள். கும்மிருட்டு.

"அப்பாடா!" என்றேன். அந்த மைதானத்தில் விளக்கு கிடையாது. முந்தின நாள்கூட இருட்டிவிட்டதால் ஓர் ஆட்டத்தை நிறுத்தி, மிச்சத்தைக் காலையில் ஆடினார்கள் என்று தம்பியே சொல்லியிருந்தான்.

"ஹாங், அந்தேரா ஹோ கயா. அப் கல் ஹோகா," இருட்டிவிட்டது, இனி நாளைக்குத்தான் என்று தாதாவும் தலையாட்டினார்.

"இருட்டுல பந்து எப்படித் தெரியும்? பையன் நல்லாத் தூங்கி எந்திரிச்சு அடிக்கட்டும்," என்றார் கடைக்காரர்.

ஒரு ராத்திரி கிடைத்துவிட்டது என்றதும் எனக்குள் என்னவோ இளகிவிட்டது. ஒரு செட் ஜெயித்திருக்கிறானே, என் தங்கம்! அவன் டேபிளில் உட்கார்ந்து சீல் குத்துவதை நினைத்துப் பார்த்தேன். சகிக்கவில்லை. விடாமல் போன் போட்டேன். ஒருவழியாக எடுத்தான். அவனைப் பேசவே விடவில்லை.

"தம்பி, நான் சொல்றதக் கேளு. நிம்மதியா சாப்பிட்டுத் தூங்கு. காலைல பயப்படாம ஆடு. மூணு ஏழெல்லாம் ஒண்ணுமே இல்ல. தோத்தாலும் பரவால்லடா! வேலை வேணாம், ஒண்ணும் வேணாம். சார்கிட்ட நான் பேசிக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் ஆடு. இது அக்கா வாக்கு!"

ஹாலில் பலத்த கைதட்டல். அப்போதுதான் பார்த்தேன், மைக்கை அணைக்கவே இல்லை.

தம்பி, "அது வந்து…" என்று இழுத்தான்.

"என்னடா?"

"அக்கா… இங்க இன்னும் வெயில் அடிக்குதுக்கா."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடிகாரம் இங்கும் அங்கும் ஒன்றுதான். சூரியன்தான் கிழக்கே தள்ளிக் கிடக்கிற எங்களிடம் முதலில் கடையை மூடிவிட்டுப் போகிறது. நானும் தாதாவும் கடைக்காரரும் கடல் தாண்டி மெயின்லேண்ட் பார்க்காதவர்களா? ஒருத்தருக்காவது உறைத்ததா? ஜன்னலைப் பார்த்து ஆட்டத்தை நிறுத்திவிட்டோம்.

"ஆட்டம் அப்பவே முடிஞ்சிருச்சுக்கா. எட்டு வரைக்கும் வந்தோம். அவங்க பத்து."

"தோத்துட்டியா?"

"ம். உனக்கு எப்படிச் சொல்றதுன்னு உக்காந்திருந்தேன். அக்கா, இப்ப சொன்னியே… அது நெசமா?"

கண்ணாடிக்கு வெளியே அத்தனை பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நெசம்தான்டா, எருமை!" எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "ஆடித் தொலை!"

"ஐயோ அக்கா! டென்னிஸ் ராக்கெட் மூணையும் அவனுக்கே குடுத்துட்டேன். இனிமே எனக்கு எதுக்குன்னு…"

"யாருக்குடா?"

"கோயம்புத்தூர்க்காரனுக்கு! ஸ்டேஷனுக்குக் கிளம்பிட்டான்!"

"அப்புறம் என்ன வாயப் பாத்துக்கிட்டு நிக்கிற? ஓடிப்போய் வாங்குடா!"

போனை வைக்காமலே ஓடினான். அவன் மூச்சிரைப்பதும், "மச்சி, நில்லுடா! ஆட்டோவ நிறுத்துடா!" என்று அலறுவதும் கேட்டன. போனை மைக்கருகே வைத்தேன். ஹாலில் ஒருவரும் டிக்கெட் கேட்கவில்லை.