மூன்று வீடுகளும் ஒரு தென்னையும்

அந்தத் தென்னை கொஞ்சமாவது ஒரு பக்கம் சாய்ந்து நின்றிருந்தால் எங்களுக்கு அந்தப் பாடு வந்திருக்காது. சாய்ந்த பக்கத்து வீட்டுக்காரர் பயந்திருப்பார், மற்ற இரண்டு வீட்டுக்காரரும் ஆறுதல் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். அதுவோ நூல் பிடித்து நட்டதுபோல நேராக நின்றது. அடியில் மட்டும் ஒரு பொந்து. என் கையை முழங்கை வரைக்கும் உள்ளே விடலாம். விட்டுப் பார்த்து, எறும்பு கடித்து, அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரை ரயில் பாதைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை. அதில் ஒரே வளவுக்குள் மூன்று வாடகை வீடுகள், மூன்றுக்கும் நடுவில் இந்த மரம். கடல் பக்கத்து வீட்டில் பியானோ படிப்பிக்கிற பறங்கி மிஸ் ஒருவர் தனியாக இருந்தார். காலி வீதிப் பக்கத்து வீட்டில், புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியாரின் குடும்பம். மரத்துக்குத் தெற்கே நாங்கள். வடக்கே ஒழுங்கை. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடங்கள் அவை. எனக்குப் பதினொரு வயது.

அப்பாவுக்கு அரசாங்கத்தில் உத்தியோகம் என்று அம்மா ஊருக்குக் கடிதம் எழுதுவாள். உண்மைதான். வெள்ளைக்காரத் துரைமார் காணி அளந்து கீறிய படங்களின் மேல், அடியில் இருப்பது தெரிகிற மெழுகுத் துணியை விரித்து, கோட்டுக்கு மேலே கோடாகப் படியெடுப்பதுதான் அந்த உத்தியோகம். இருபது வருடமாக மற்றவர்கள் அளந்ததையே கீறிக்கொண்டிருந்தார். அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. வேலை செய்த கந்தோரில் கேட்டதில்லை, ஒழுங்கையில் கேட்டதில்லை, வீட்டில் அம்மா கேட்டதே இல்லை. மீன்காரனிடம்கூட அம்மா அபிப்பிராயம் கேட்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் கார்த்திகை மாதத்தில் ஒருநாள், வங்காள விரிகுடாவில் ஒரு சூறாவளி எங்கள் பக்கம் வருகிறது என்று பத்திரிகையில் செய்தி வந்தது.

ஒழுங்கையில் எல்லோருக்கும் தலைகால் தெரியவில்லை. பயம் என்று சொன்னால் அது பொய். எனக்கு ஒரே சந்தோஷம். பள்ளிக்கூடம் இல்லை. கடைகளில் பாணும் மண்ணெண்ணெயும் தீர்ந்துபோகும் வேகத்தைப் பார்ப்பதே ஒரு வேடிக்கை. பெரியவர்களும் உள்ளுக்குள் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஹாஜியார் ரேடியோவை முன்விறாந்தைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்; அவர் வீட்டில் கலியாணம் என்றுதான் வழியால் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

முதல் யோசனை மரத்தை வெட்டுவது. வீடுகளின் சொந்தக்காரர் கொட்டாஞ்சேனையில் இருந்தார். அப்பா ரயிலிலும் டிராமிலும் ஏறிப் போய்க் கேட்டுவிட்டு, தொங்கிய முகத்தோடு திரும்பி வந்தார். சொந்தக்காரர் சொன்ன பதில் இதுதான்: "மரமும் என்ர, வீடும் என்ர. எது எதில விழுந்தாலும் நட்டம் எனக்கு. நீங்கள் ஏன் அந்தரப்படுறியள்?"

அன்று பின்னேரம் அப்பா மூன்று நாள் லீவு எடுத்தார். அவர் லீவு எடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்னைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தின் நிழலை அளந்தார். பிறகு ஒரு தடியின் நிழலை அளந்தார். கணக்குப் போட்டு, மரம் ஐம்பத்தெட்டு அடி என்றார். பிறகு சாப்பாட்டு மேசையில் மெழுகுத் துணியை விரித்து, எங்கள் வளவை, மூன்று வீடுகளை, குசினிகளை, கிணற்றை, மிஸ்ஸின் கோழிக்கூட்டைக்கூட, எல்லாம் அளவுப்படி கீறினார். நடுவில் மரம். அதைச் சுற்றி ஐம்பத்தெட்டு அடிக்கு ஒரு சிவப்பு வட்டம். கந்தோர்ப் படங்களைப்போல அதன் கீழே வேறொருவர் பெயர் எழுத வேண்டியிருக்கவில்லை. அப்பா விசில் அடிக்கக்கூடியவர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு ஹாஜியாரின் விறாந்தைக்குப் போனார். மிஸ்ஸும் வந்திருந்தார். அப்பா ஒரு தேத்தண்ணிக் கோப்பையைக் கேட்டு வாங்கி, கரண்டியால் இடப்பக்கமாகக் கலக்கிக் காட்டினார்.

"சூறாவளி இப்பிடித்தான் சுத்தும். அது எங்களுக்கு வடக்கால போனா, காத்து கடல் பக்கமிருந்து அடிக்கும். மரம் காலி வீதிப் பக்கம் விழும். தெற்கால போனா, காத்து தரையிலயிருந்து வரும். மரம் கடல் பக்கம் விழும். நேர் கிழக்கில வந்து நிண்டா வடக்குக் காத்து. மரம் எங்கட வீட்டில."

"இப்ப எங்கால போகுது தம்பி?" என்று ஹாஜியார் கேட்டார்.

"திருகோணமலைப் பக்கம் போகுமெண்டு சொல்லுறாங்கள். வடக்கால."

ஹாஜியார் தன் வீட்டுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். "அப்ப எங்கட ஊட்டு மேலயா உழும்?"

"குசினியும் நடு அறையும்" என்றார் அப்பா, டாக்டர்மார் நோயாளிக்கு வருத்தத்தின் பெயர் சொல்லும் தோரணையில்.

அரை மணித்தியாலத்தில் ஹாஜியார் வீட்டுச் சாமான்கள் புறப்பட்டுவிட்டன. தேக்கு அலுமாரி எங்கள் வீட்டு முன் அறைக்கு வந்தது. கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த துணிக்கட்டுகள் என் கட்டிலில் ஏறின. தையல் மெசினும் கறிச்சட்டிகளும் மிஸ்ஸின் வீட்டுக்குப் போயின. ஹாஜியாரின் மனைவி ஒரு ஆட்டைக் கையில் பிடித்தபடி எங்கள் வாசலில் வந்து நின்றார். "இதையும் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்க, தங்கச்சி" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்று திங்கட்கிழமை, அம்மா விரதம், இறைச்சிச் சட்டி மணக்காவிட்டாலும் ஆடு மணத்தது.

அடுத்த நாள் காலைப் பத்திரிகை எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டது. சூறாவளி தெற்கே இறங்கி மட்டக்களப்புக்கும் கீழே வருகிறதாம். அப்பா அடிமட்டத்தை வைத்து, பென்சிலைக் கூராக்கி, சிவப்பு வட்டத்தின் மேற்குத் துண்டில் பென்சிலால் நிழல் அடித்தார். மிஸ் அதைப் பார்த்ததும் நாற்காலியில் இருந்துவிட்டார்.

"மிஸ்டர், என்ட பியானோ?"

"பியானோவுக்கு மேலதான், மிஸ். சரி நடுவில."

மிஸ்ஸுக்குப் பியானோதான் சோறும் கறியும். ஒழுங்கையில் நின்ற ஆம்பிளைகள் எல்லோரும் சேர்ந்து அதை ஹாஜியாரின் முன் அறைக்குத் தூக்கினார்கள். பத்தடிக்கு ஒருதரம் இறக்கி வைத்தார்கள். இறக்கும்போதெல்லாம் அது தானாக ஒரு முனகல் முனகியது. மழை தூறத் தொடங்கியதும் ஹாஜியார் ஒரு முழுக் கட்டு வெள்ளைத் துணியை அவிழ்த்து அதன் மேல் போர்த்தினார். மிஸ்ஸின் வீட்டில் முதல் நாள் வைத்த தையல் மெசினும் சட்டிகளும் மறுபடி வந்த வழியே திரும்பின. மிஸ்ஸின் கோழிகள் எங்கள் குசினிக்குள் வந்தன. ஆடு கோழிகளைப் பார்த்துப் பயந்தது. எந்தச் சாமான் யாருடையது என்று அன்று மத்தியானமே ஒருவருக்கும் தெரியாது. ஹாஜியாரின் பிள்ளைகள் மிஸ்ஸின் தொப்பிகளைப் போட்டுக்கொண்டு ஓடித்திரிந்தார்கள். நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டேன்.

அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பம்பரமாகச் சுழன்றார். படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு போனார். தேங்காய்களையாவது பறித்துவிடலாமே என்று யாரோ சொன்னபோது, "பறிக்கப்படாது! பாரம் மாறினா கணக்கு மாறும்" என்று துள்ளி விழுந்தார். எங்கள் வளவோடு சம்பந்தமில்லாதவர்கள்கூட வந்து கேட்டார்கள். தெஹிவளையிலிருந்து ஹாஜியாரின் மருமகன் சைக்கிளில் வந்து, தங்கள் வளவுப் பலாமரத்துக்கும் ஒரு வட்டம் கீறித் தரச் சொன்னார். அப்பாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. சாப்பிட மறந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பெருமையாக இருந்தது, அதே நேரத்தில் ஏனோ பயமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் ரேடியோ சொன்னது: சூறாவளி கொழும்புக்கு நேர் கிழக்கே, மலைகளுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. துறைமுகத்தில் புயல் அடையாளம் ஏற்றியாயிற்று என்று ஹாஜியாரின் கடைப் பையன் வந்து சொன்னான். அப்பா எங்கள் சாப்பாட்டு மேசையில் படத்தை விரித்தார்.  பிறகு எங்கள் வீட்டுக்கு மேல் நிழல் அடித்தார்.

"என்ன, எங்கட வீடோ?" என்றாள் அம்மா.

"ஓம். சுவாமி அறையும் முன் அறையும்."

"இஞ்சாருங்கோ, இரண்டு நாளா ஊராற்ற சாமானெல்லாத்தையும் இஞ்ச கொண்டந்து குவிச்சுப்போட்டு, இப்ப எங்கட வீடோ?"

"நான் என்ன செய்யிறது? காத்து திரும்பிட்டுது."

அம்மாவுக்குக் கோபம் வந்தால் சத்தம் குறையும். அன்றைக்குக் கிசுகிசுப்பாகச் சொன்னாள். "எல்லாத்தையும் தூக்குறன். அம்மியையும் தூக்குறன். ஆனா இண்டைக்கு இது விழேல்லையெண்டா, இனி இந்த வீட்டில நீங்கள் வாய் திறக்கப்படாது. சொல்லிப்போட்டன்."

அப்பா தலையாட்டினார். அவருக்கு நிச்சயமாக விழும் என்று தெரியும்.

தூக்கினோம். தேக்கு அலுமாரி தன் சொந்த வீட்டுக்குத் திரும்பியது, கூடவே எங்கள் அலுமாரியும். சுவாமி படங்களை மிஸ் தன் சுவரில் இயேசுநாதருக்குப் பக்கத்தில் வரிசையாக மாட்டி வைத்தார். பிள்ளையாருக்கு மட்டும் ஆணி கிடைக்காமல் நாற்காலியில் இருத்தினார். எங்கள் வீடு வெறுமையானது. நான் உள்ளே நின்று கூவிப் பார்த்தேன். என் குரலே திரும்பி வந்தது. அதில் ஒரு குதூகலம் இருந்தது. நாளைக்கு இந்த இடத்தில் கூரை இருக்காது, மேலே பார்த்தால் வானம் தெரியும், பள்ளிக்கூடத்தில் இதைச் சொன்னால் எல்லோரும் வாயைப் பிளப்பார்கள்.

பத்து மணிக்கு வடக்குக் காற்று வந்தது. அப்பா சொன்ன அதே திசையிலிருந்து! மூன்று குடும்பமும் ஹாஜியாரின் முன் அறையில், பியானோவுக்கும் இரண்டு அலுமாரிகளுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு யன்னலால் பார்த்தோம். காற்று ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் தென்னை எங்கள் வீட்டை நோக்கி வளைந்தது. நாங்கள் எல்லோரும் மூச்சை இழுத்தோம். அது நிமிர்ந்தது. மூச்சை விட்டோம். அப்பா மட்டும் ஒவ்வொரு வளைவுக்கும் தானும் சேர்ந்து வளைந்தார். "இந்தா... இந்தா... இப்ப" என்றார். ஹாஜியாரின் மனைவி தஸ்பீஹ் மணிகளை உருட்டினார். ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் யாருடையதோ வேலி பறந்தது. ஹாஜியாரின் கூரையில் இரண்டு ஓடு கழன்றது. படத்தில் அதற்கு இடமில்லை.

மத்தியானம் காற்று கொஞ்சம் தளர்ந்தது. இரண்டு மணிக்கு மழை விட்டது. மூன்று மணிக்கு, எங்களைக் கேலி செய்வதுபோல, வெயில் எறித்தது. சூறாவளி மலையில் ஏற முடியாமல் உடைந்துபோயிற்று என்று பிறகு ரேடியோ சொன்னது. தென்னை நேராக நின்றது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஹாஜியார். மிஸ் பியானோவின் மேலிருந்த துணியை இழுத்தெறிந்துவிட்டு, நின்றபடியே ஒரு ஆட்டப் பாட்டு வாசித்தார். பிள்ளைகள் குதித்தோம். ஹாஜியாரின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அம்மாவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஒழுங்கைக்காரர் படலையடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்: "எங்க படக்காரர்? மரம் இன்னும் படத்தைப் பாக்கேல்லையோ?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அப்பாவைக் காணவில்லை.

சிரிப்பு அம்மாவின் முகத்தில் பாதியிலேயே நின்றது. என் கையைப் பிடித்துக்கொண்டு பின்கதவால் வெளியே வந்தாள். எங்கள் வெறும் வீட்டுக்குள் பார்த்தோம், இல்லை. கிணற்றடியில் இல்லை. சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு வளவின் நடுவுக்கு வந்தோம்.

அப்பா மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

இரண்டு கையையும் தென்னையில் ஊன்றி, தலை குனிந்து, ஒரு காலைப் பின்னால் உதைத்து, முழுப் பலத்தோடு தள்ளினார். எங்கள் வீட்டை நோக்கித்தான் தள்ளினார். சேற்றில் கால் வழுக்கியது, மறுபடி ஊன்றிக்கொண்டார். சேட்டு நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணலாம். ஐம்பத்தெட்டு அடி உயர மரத்தின் ஓலையொன்றுகூட அதற்கு அசையவில்லை. எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்து, அங்கேயே அழுகையாகிவிட்டது.

எங்கள் காலடிச் சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை. கையை எடுக்கவும் இல்லை. வாய் திறக்கவும் இல்லை.

 ஹாஜியார் வீட்டிலிருந்து பியானோ கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா என் கையை விட்டாள். சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். சேற்றுக்குள் இறங்கிப் போய், அப்பாவுக்குப் பக்கத்தில், தன் இரண்டு கையையும் மரத்தில் வைத்தாள்.

"இஞ்சாருங்கோ, எந்தப் பக்கம் தள்ள வேணும்?" என்று கேட்டாள்.

அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். நெற்றியைத் தோளில் துடைத்தார். 

"தெற்கால" என்றார். "நேர் தெற்கில்லை. கொஞ்சம் மேற்கால."

அம்மா ஓர் அடி தள்ளி நின்று, கையை மாற்றி வைத்துக்கொண்டாள்.