பேக் சானல் காண்க

வேறொரு தேசம் உலகத்தோடு பேசிய பேச்சையெல்லாம் ஒரு வருஷம் முழுக்க அகர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தேன். பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டின் இரைச்சல் கண்ணாடியில் வந்து மோதும் மூன்றாவது மாடி. அமெரிக்க ராஜதந்திர வரலாற்றுக்கு இரண்டு தடித்த தொகுதிகளாக ஒரு கலைக்களஞ்சியம். பதிப்பாளர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். புத்தகத்தின் கடைசியில், எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று காட்டும் இன்டெக்ஸ் மட்டும் எங்கள் வேலை. ஏ முதல் எல் வரை அவள். நீலசந்திராவிலிருந்து வருகிறவள், என்னைவிடப் பத்து வயது சின்னவள். எம் முதல் இசட் வரை நான்.

ஒப்பந்தங்கள், தூதர்கள், திருப்பி அழைக்கப்பட்ட தூதர்கள், போய்ச் சேராத தந்திகள். நாள் பூராவும் இதையே படித்தால் மனுஷன் என்ன ஆவான்? பக்கத்து நாற்காலி சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறது என்று கேட்பான். நான் கேட்டுக்கொண்டேன், உள்ளுக்குள்.

அச்சுக்குப் போகிற வாரம் பதிப்பாளரிடமிருந்து கடிதம் வந்தது. ‘பி’யில் ‘பேக் சானல்’, அதாவது தூதருக்கே தெரியாமல் கொல்லைப்புறமாக நடக்கும் பேச்சு, அதைத் தேடினால் ‘சீக்ரெட் டாக்ஸ் காண்க’ என்றிருக்கிறது. ‘எஸ்’ஸில் அந்த ரகசியப் பேச்சுக்குப் போனால் ‘பேக் சானல் காண்க’. பக்க எண் இரண்டிலும் இல்லை. வாசகன் இந்தக் கதவுக்கும் அந்தக் கதவுக்குமாக நடந்தே சாக வேண்டியதுதான்.

அடுத்த வேலைக்கு ஒரு ஆள் போதும் என்று மேலாளர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இப்போது வழி கிடைத்துவிட்டது. “திங்கக்கிழமை ரெண்டு பேரும் வாங்கரீ. யார் தப்புன்னு தெரிஞ்சா, யார் இருக்கறதுன்னும் தெரிஞ்சுடும்.”

அன்றிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். போன் வந்தால் எழுந்து மாடிப்படிக்குப் போனாள். கன்னடத்தில் மெதுவாகப் பேசினாள். நான் திரும்பினால் அவள் திரை கொஞ்சம் சுவர்ப்பக்கம் சாய்ந்தது. “டீ குடிக்கலாமாண்ணா?” என்று வழக்கம்போலக் கேட்டாள். வழக்கம்போலக் கேட்டதுதான் எனக்கு உறுத்தியது.

ஒரே விஷயத்துக்கு இரண்டு சொல் இருந்தால், ஒன்றில் பக்க எண்களை வைத்து, மற்றதிலிருந்து அங்கே அனுப்ப வேண்டும். எங்கள் தொழிலின் ஆதி விதி அது. இரண்டு சொல்லும் இரண்டு பேர் பங்கில் விழுந்தால் பேசி முடிவுசெய்வோம். இந்த இரண்டு சொல்லுக்காக டீக்கடையில் நின்று பேசியதும் ஞாபகம் வந்தது.

“உங்ககிட்டயே இருக்கட்டும்ணா. பெரிய அயிட்டம், உங்களுக்குத்தான் அழகா வரும்.”

“சீ, உன்கிட்டயே இருக்கட்டும்மா.”

அவ்வளவுதான். பஸ் வந்தது. விட்டுக்கொடுத்த நிம்மதியோடு ஏறிவிட்டோம்.

எந்த வரியை யார் எப்போது அழித்தார்கள் என்று எங்கள் மென்பொருள் குறித்து வைக்கும். மேலாளருக்கு அதைத் திறக்கத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்தே திறந்தேன், அவளைப் பிடித்துவிடலாம் என்று. அவள் தன் எண்களை அழித்தது, டீக்கடையில் பேசியதற்கு மறுநாள் மத்தியானம். நான் என்னுடையதை அழித்தது அன்றே சாயங்காலம். நான் அழிக்கும்போதே அவள் வரி என்னைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் போதும்.

திங்கட்கிழமை. மேலாளர் வாய் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். “என் தப்புதான் சார். நான்தான் நம்பரை எடுத்தேன்.”

எனக்கு அவள்மேல் இரக்கம் வரவில்லை. இதில் என்ன தந்திரம் என்றுதான் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லாத முகத்தைப் பற்றி அந்த இரண்டு தொகுதியிலும் எத்தனை பக்கம்! ஆனாலும் வாய் கேட்கவில்லை. “கடைசியா எடுத்தது நான் சார். அவங்க எடுத்ததைப் பார்க்காம எடுத்தேன்.”

“ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா நான் யாரை அனுப்பறது?” என்று சிரித்தார் மேலாளர். பிறகு சிரிப்பை நிறுத்தி, “ஆயித்து, சரி, கடைசின்னா கடைசி” என்றார். வேலை அவளுக்கு.

என் டிபன் பையை அவளே தூக்கிக்கொண்டு லிப்ட் வரை வந்தாள். கண் கலங்கியிருந்தது, அது நிஜம்.

“நீங்களும் அழிச்ச டைம் பாத்தீங்களாண்ணா?” என்றாள்.

‘நீங்களும்.’ அப்படியென்றால் அவளும் பார்த்திருக்கிறாள்.

“எப்போ பாத்தே?”

“நீங்க சொல்லுவீங்கன்னு தெரியும்ணா” என்றாள், கேட்டதற்குப் பதில் சொல்லாமல். லிப்ட் வந்தது. பையை என் கையில் கொடுத்து, கதவு மூடும்வரை நின்றாள்.