இரண்டாவது குரல்

தஞ்சாவூர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் ஒரே ஒரு பியானோதான் இருந்தது. 1968-ல் விஜயமும் அம்சமும் அதன் முன்னால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தார்கள். இருவரும் சீர்காழிப் பக்கத்து ஒரே ஊர். விஜயத்தின் வீட்டுக்கு அறுபது ஏக்கர். அதில் நடவும் அறுப்பும் அம்சத்தின் வீட்டார் வேலை.

இசை சொல்லித்தந்த கன்னியாஸ்திரீ அவர்களுக்கு ஒரு ஃபியூக் கொடுத்தார். இருநூற்றைம்பது வருடம் பழைய ஐரோப்பிய இசை வடிவம். விஜயம் ஒரு மெட்டைத் தனியாகத் தொடங்குவாள். அது முடிந்ததும் அம்சம் அதையே வேறு சுருதியில் எடுப்பாள். அப்போது விஜயம் நிறுத்தக் கூடாது, எதிர்மெட்டு வாசித்தபடி போக வேண்டும். இதில் யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை.

"ஏன்டி ஓடுற? நான் வர வேணாமா?" என்று அம்சம் முழங்கையால் இடிப்பாள்.

அடுத்த தை அறுவடையில் கூலியாட்கள் நெல் கூடுதலாகக் கேட்டார்கள். விஜயத்தின் அண்ணன் சாரங்கபாணி வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினான். வரப்பில் மறித்து நின்ற அம்சத்தின் அப்பா அமிர்தலிங்கத்தைத் தடியால் அடித்தவன் அவனேதான். பொங்கல் லீவுக்கு வந்திருந்த விஜயம் மாடியிலிருந்து பார்த்தாள். மறுநாள் அவர் இறந்துபோனார்.

விஜயம் அவர்கள் தெருவுக்கு ஓடினாள். அம்சம் வாசலில் எழுந்து நின்றாள்.

"வாங்கம்மா."

"அம்சம், நான்தான்டி."

"தெரியுதுங்க. இங்க நிக்காதீங்க, போயிடுங்க."

அம்சம் பள்ளிக்குத் திரும்பவில்லை. பரீட்சையில் கன்னியாஸ்திரீ வேறொரு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவள் மெட்டை எடுத்ததும் விஜயத்தின் கை நின்றுவிட்டது. பிறகு சரபாந்து என்ற மெதுவான நாட்டிய இசையைத் தனியாக வாசித்துத் தேறினாள்.

கோர்ட்டில் வக்கீல் கேட்டார்: "சொந்த அண்ணன் மேலயா சொல்றீங்க?"

"ஆமாங்க. அவர்தான் அடிச்சார். நான் பார்த்தேன்."

சாரங்கபாணிக்கு ஏழு வருடம் கிடைத்தது. அன்றே அம்மா விஜயத்தின் பெட்டியைத் தெருவில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

அம்சம் அதிராம்பட்டினத்தில் தையல் வேலை பார்ப்பதாகக் கேள்விப்பட்டு விஜயம் ஆறு கடிதம் எழுதினாள். கடைசியில் ஒரு கார்டு வந்தது.

"நீங்க சாட்சி சொன்னதுக்கு அம்மா கும்பிடச் சொன்னாங்க. உங்கள நினைச்சா எனக்கு அப்பா விழுந்துகிடந்ததுதான் வருது. இனிமே எழுதாதீங்க."

விஜயம் எழுதவில்லை. பட்டுக்கோட்டைப் பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருடம் பாட்டு டீச்சராக இருந்தாள். பள்ளி வாசலிலேயே அதிராம்பட்டினம் பஸ் நிற்கும். ஒரு நாளும் அவள் ஏறவில்லை.