பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்

என் வாய்க்கு அந்தக் காலத்தில் மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் ஒரு மவுசு இருந்தது. யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசிக் காட்டிவிடுவேன். சைக்கிளில் ரொட்டி விற்க வருகிறவர், கோயிலில் எல்லோருக்கும் முன்னால் நிற்க முண்டியடிக்கும் அம்மாள், என் சொந்த மாமியார் என்று யாரும் தப்பியதில்லை. தெருக் குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும் பெண்கள் "இன்னிக்கு யாரு?" என்று கேட்பார்கள். நான் வாளியைக் கீழே வைத்தால் போதும், சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, கல்யாணமாகி டவுனுக்கு வந்தவளுக்கு அந்தச் சிரிப்பு பெரிய கௌரவமாக இருந்தது. என் கணவர் மட்டும், "இந்த வாய் ஒரு நாள் வம்பை இழுத்துட்டு வரப்போவுது, பாரு" என்பார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

அடுத்த வீட்டில் மலாக்கா செட்டிக் குடும்பம். பல தலைமுறைகளாக அங்கேயே இருக்கிறவர்கள். நெற்றியில் திருநீறு, வாசலில் மாவிலை, மாரியம்மன் திருவிழாவுக்கு வீடே விரதம். ஆனால் வீட்டுக்குள் பேசுவது மலாய். எங்களவர்கள் அதை ஒரு குறையாகவே பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு அப்போது இருபது வயதிருக்கும். திருவிழாவில் அவளைப் பார்த்துப் பிடித்துப்போய், புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த ஒரு தமிழ்ப் பையன் தன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அந்த அம்மாளுக்குத் தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. "வர்ற பொண்ணு எங்கூட நாலு வார்த்தை பேசுனா போதும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இவளுக்கும் பையனைப் பிடித்திருந்தது. ஒரு மத்தியானம் கெபாயாச் சட்டையும் சாரோங்குமாக என் சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டாள்.

எனக்கும் அவளிடம் ஒரு காரியம் இருந்தது. மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த புதிது. குடியுரிமைக்கு மனுப் போட்டவர்களைக் கூப்பிட்டு மலாயில் கேள்வி கேட்பார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்குத் தெரிந்த மலாய் பசாரில் மீன் வாங்கத்தான் போதும். ஆகவே அவளுக்குத் தமிழ், எனக்கு மலாய் என்று வைத்துக்கொண்டோம்.

நான் தடுமாறும்போது அவள் காத்திருப்பாள். ஒரு நாளும் சிரித்ததில்லை. தப்பாகச் சொன்னால் "ஸெகாலி லாகி" என்பாள். இன்னொரு தடவை என்று அர்த்தம். அவள் தடுமாறும்போது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் கூடச் சிரித்தாள், அதனால் அவளுக்கு அது வலிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அவள் முதலில் கேட்டு வாங்கிக்கொண்ட சொல் 'அத்தை'. அதற்கப்புறம், வரப்போகும் மாமியாரிடம் சொல்வதற்கென்று ஒரு வாக்கியம்: "அத்தை, சாப்பிட வாங்க, சோறு ஆறிப்போவுது." ஆரம்பத்தில் கண்ணை மேலே உருட்டி, கெபாயாவின் ஊசியைக் கையால் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொல்வாள். சோறு வரவேண்டிய இடத்தில் மலாய் 'நாசி' வந்து முந்திக்கொள்ளும். இரண்டு மாதத்தில் அதையும் அதுபோல இன்னும் பலதையும் தடங்கல் இல்லாமல் பேசினாள். அவ்வளவு பிடிவாதம் அவளுக்கு.

பெண் பார்க்க வருவதற்கு முன்னால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பது எங்கள் வழக்கம். பையனின் அம்மாவும் சித்தியும் ஒரு நாள் காலையில் பஸ் ஏறி வந்தார்கள். என்னிடம் விசாரித்துவிட்டு, மனசுக்குச் சரியென்று பட்டால் அப்படியே பெண் வீட்டிலும் தலைகாட்டுவதாக ஏற்பாடு. அடுத்த வீட்டிலிருந்து வாஜிக் இனிப்புக் கிண்டும் வெல்ல வாசனை வந்துகொண்டிருந்தது.

"பொண்ணு எப்படிம்மா?" என்றார் அந்த அம்மாள்.

"தங்கமான பொண்ணுங்க. அதிர்ந்து பேசத் தெரியாது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"தமிழ் பேசுமா?" என்றார் சித்தி.

பேசும் என்று ஒரே சொல். அது உண்மையும்கூட. ஆனால் புது ஆட்கள் இரண்டு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு நாக்கு அரித்தது. எழுந்து நின்றேன். இல்லாத கெபாயாவின் ஊசியைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மேலே உருட்டினேன். "அத்தே... சாப்பிட... வாங்கோ... நாசி... இல்லே இல்லே, சோறு..." என்று அவளுடைய முதல் வாரத்துத் தமிழை அப்படியே எடுத்துவிட்டேன். சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த அம்மாளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குஷியில் இன்னும் ஒரு முறை, இன்னும் சத்தமாகச் செய்து காட்டினேன்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைச் சுவர்தான்.

தேத்தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார்கள். வாசலில் நின்று வழியனுப்பினேன். பெண் வீட்டுப் பக்கம் திரும்புவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்கள் நேராக பஸ் நிற்கும் இடத்துக்குப் போனார்கள். அடுத்த வீட்டு ஜன்னலில் அவள் நின்றிருந்தாள். முதல் தடவையாகப் புடவை கட்டியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோயிலில் அந்தச் சித்தியைப் பார்த்தேன். "என்ன ஆச்சுங்க?" என்று பிடித்துக்கொண்டேன். "அக்கா பயப்படுறாங்கம்மா. சொல்லிக்குடுத்த நீங்களே இப்படிச் சிரிக்கிறீங்க, எங்க தோட்டத்து ஆளுங்க சும்மா விடுவாங்களா?" என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. ஒருவரைப் பற்றிப் பொய் சொன்னால்தான் பாவம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவள் வாயிலிருந்து வந்த சொல்லைத்தான் நான் சொன்னேன், ஒரு எழுத்துக்கூட இட்டுக்கட்டவில்லை. அதைக் கொண்டே அவள் வாழ்க்கையில் விளையாடிவிட்டேன்.

மறுநாளே புக்கிட் ரம்பாய்க்குப் போனேன். "பொண்ணு இப்ப நல்லாப் பேசுதும்மா, நான் காட்டினது பழசு" என்று அந்த அம்மாளிடம் கெஞ்சினேன். இப்போது சொல்வதுதான் வேஷம் என்று அவர் நினைத்தது முகத்திலேயே தெரிந்தது. சிரிக்க வைப்பவள் பேச்சை யார் நம்புவார்கள்?

அவள் இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். எப்போதும்போல அக்கா என்று கூப்பிடவில்லை. "காக்கா" என்றாள், மலாய்க்காரர்கள் அக்காவைக் கூப்பிடுவதுபோல. எனக்கு இன்னும் குடியுரிமை விசாரணைக்கு அழைப்பு வரவில்லை என்றும், அதுவரை சொல்லிக்கொடுப்பதாகத் தான் வாக்குக் கொடுத்திருப்பதாகவும் மலாயிலேயே சொன்னாள். நான் தமிழில் பேசினால் மலாயில் பதில் வந்தது. இரண்டு மாதம் பாடுபட்டுச் சேர்த்த தமிழில் ஒரு சொல்கூட அப்புறம் அவள் வாயிலிருந்து நான் கேட்கவில்லை.

மன்னிப்புக் கேட்க மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அத்தனை பேரைப் போலவும் பேசத் தெரிந்தவளுக்கு, தன் சொந்த வாயால் அதைச் சொல்லத் தைரியம் வரவில்லை. கடைசியில் அதையும் பாடம்போலவே கேட்டேன்.

"மன்னிச்சிருங்கன்னு மலாயில எப்படிச் சொல்றது?"

தோட்டத்துக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சொல் அது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

"மிந்தா மாஃப்" என்றாள்.

"மிந்தா மாஃப்" என்றேன். பாதியிலேயே குரல் உடைந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்தாள். வழக்கம்போலக் காத்திருந்தாள். சிரிக்கவில்லை.

"ஸெகாலி லாகி" என்றாள்.